சுரங்கத் தொழில் குறித்த இளையோர் மனப்பாங்கு: கோலார் தங்கவயலும் நெய்வேலியும்

ஆய்வுச் சுருக்கம்

சுரங்கத் தொழிலில் சேர இளைய தலைமுறை தயங்குகிறது என்னும் கருத்து உலக அளவில் பேசப்பட்டு வருகிறது. தொழிலின் கடுமை, ஆபத்து, சுற்றுச்சூழல் கேடு ஆகியவை இதற்குக் காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பால் வளர்ந்த கோலார் தங்கவயல், தமிழ்நாட்டின் பெருஞ்சுரங்கமான நெய்வேலி ஆகிய இரண்டையும் ஒப்பிட்டு நோக்கும்போது இக்கருத்து முழுமையானதன்று என்பது புலனாகிறது. இவ்விடங்களில் இளையோரின் மனப்பாங்கைத் தீர்மானிப்பதில் சுரங்கத்தின் இயல்பைக் காட்டிலும் அங்குக் கிடைக்கும் பணியின் படிநிலையும் பாதுகாப்பும் பெரும்பங்கு வகிக்கின்றன. இதனை வரலாறு, சட்டம், பணித்தேர்வு முறை ஆகியவற்றின் துணைகொண்டு விளக்குவதாக இக்கட்டுரை அமைகிறது.

திறவுச் சொற்கள்: சுரங்கத் தொழில், இளையோர், மனப்பாங்கு, நெய்வேலி, கோலார் தங்கவயல், ஒப்பந்தப் பணி, நிலம் கையகப்படுத்தல்.

முன்னுரை

மெக்கின்சி என்னும் பன்னாட்டு மேலாண்மை ஆலோசனை நிறுவனம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையொன்று, 15 முதல் 30 வயது வரையுள்ளோரிடம் நடத்தப்பட்ட கணிப்பில் 70 விழுக்காட்டினர் சுரங்கத் துறையில் பணியாற்றும் எண்ணம் தமக்கில்லை எனக் கூறியதாகக் குறிப்பிடுகிறது. ஆஸ்திரேலியாவில் சுரங்கப் பொறியியல் படிப்பில் சேருவோர் எண்ணிக்கை 2014ஆம் ஆண்டிலிருந்து ஏறத்தாழ 63 விழுக்காடு குறைந்துள்ளது என்பதும் அக்கட்டுரை தரும் செய்தியாகும். பழைமையான தொழில், ஆபத்தான தொழில், இயற்கையைச் சிதைக்கும் தொழில் என இளையோர் கருதுவதே இதற்குக் காரணம் என்று துறைசார்ந்தோர் விளக்குகின்றனர். தொழிலின் தோற்றத்தை இளையோர் மனத்தில் மாற்றியமைக்க வேண்டும் என்பது அவர்கள் முன்வைக்கும் தீர்வு.

இவ்விளக்கத்தை நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு அப்படியே பொருத்திப் பார்க்க இயலாது. அங்குச் சுரங்க விரிவாக்கத்திற்கு எதிரான போராட்டமும், அதே நிறுவனத்தில் நிரந்தரப் பணி வேண்டும் என்னும் கோரிக்கையும் ஒரே களத்தில் எழுகின்றன. மேலோட்டமாக நோக்கினால் இவை ஒன்றுக்கொன்று முரணானவை. ஒரு தொழிலை எதிர்ப்பவர் அத்தொழிலிலேயே இடம் கேட்பது ஏன் என்னும் வினாவே இக்கட்டுரையின் மையமாகும். விளக்கமுறையும் ஒப்பீட்டு முறையும் இதில் பின்பற்றப்பட்டுள்ளன.

மனப்பாங்கு: கருத்து விளக்கம்

சமூக உளவியலாளர் மனப்பாங்கினை அறிவு, உணர்ச்சி, செயல் என்னும் மூன்று கூறுகளாகப் பகுத்துக் காண்பர். ஒரு தொழிலைப் பற்றி ஒருவர் அறிந்திருப்பது அறிவுக்கூறு. அதன்மீது கொள்ளும் விருப்பு, அச்சம், பெருமிதம் போன்றவை உணர்ச்சிக்கூறு. அத்தொழிலுக்கு விண்ணப்பிப்பதும் அதை விலக்குவதும் செயற்கூறு. இம்மூன்றும் எப்போதும் ஒரே திசையில் இயங்குவதில்லை. தொழிலின் தீங்கை நன்கறிந்த ஒருவரே அதற்கு விண்ணப்பிக்கலாம். அதன்மீது மதிப்புடைய ஒருவரே தம் மகனை அதற்கு அனுப்ப மறுக்கலாம். விருப்பத்தை மட்டும் அளக்கும் கணிப்புகள் இவ்விடைவெளியைக் காட்டுவதில்லை. மாற்று வாய்ப்புகள் பல இருக்கும் சமூகத்தில் விருப்பம் செயலைத் தீர்மானிக்கக்கூடும். வாய்ப்புகள் சுருங்கிய இடத்தில் செயலைத் தீர்மானிப்பவை வேறு.

கோலார் தங்கவயல்: வழிவழித் தொழிலும் அதன் முடிவும்

கோலார் தங்கவயலில் 1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்னும் ஆங்கிலேய நிறுவனம் தங்கம் எடுக்கத் தொடங்கியது. அன்றைய மைசூர்ச் சமஸ்தானத்தில் அமைந்த இவ்வயலுக்கு வட ஆர்க்காடு, சேலம் முதலிய தமிழ் வழங்கும் மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் திரண்டு சென்றனர். அவர்களுள் பெரும்பான்மையோர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். ஊரில் நிலமற்ற கூலிகளாகவும் தீண்டாமைக்கு ஆட்பட்டோராகவும் இருந்த அவர்களுக்குச் சுரங்கம் பணக்கூலியையும் சாதிக்கட்டிலிருந்து ஓரளவு விடுதலையையும் அளித்தது. மண்ணுக்கு அடியில் நேரவிருந்த ஆபத்தை அறிந்தே அவர்கள் இத்தொழிலை ஏற்றனர்.

அவ்வாபத்து சிறியதன்று. சாம்பியன் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திற்குச் சென்றது. அடிமட்டங்களில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைக் கடந்தது. அழுத்தம் தாளாது பாறைகள் வெடித்துச் சிதறும் விபத்துகள் நேர்ந்தன. 7,653 தொழிலாளர்களிடம் நடத்தப்பெற்று 1940களில் வெளிவந்த மருத்துவ ஆய்வு, அவர்களுள் 43.7 விழுக்காட்டினர் கல்தூசியால் நுரையீரலைத் தாக்கும் சிலிக்கோசிஸ் நோய்க்கு ஆளாகியிருந்ததைக் கண்டறிந்தது. தொழிலாளருள் ஐவரில் இருவருக்கு மேற்பட்டோர் நோயுற்றிருந்தனர் என்பது இதன் பொருள்.

எனினும் தந்தைக்குப் பின் மகன் என்னும் முறையில் தலைமுறைகள் கடந்தும் இத்தொழில் தொடர்ந்தது. 1902ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் பெற்ற ஊர் அது. பெங்களூரு நகருக்கு மின்சாரம் வந்தது அதற்குப் பின்னரே. மருத்துவமனை, பள்ளி, தொழிலாளர் குடியிருப்பு வரிசைகள், தொழிற்சங்கங்கள் ஆகியவற்றோடு ஒரு முழு வாழ்க்கை அங்கு உருவாயிற்று. சுரங்கவேலை என்பது இவ்வாழ்க்கைக்குள் நுழைவதற்கான உரிமையாக இருந்தமையால் இளைஞர் அதை நாடினர்.

1956இல் மாநில அரசின் உடைமையாகிப் பின்னர் மைய அரசின்கீழ் வந்த இச்சுரங்கங்கள் 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனமாயின. தங்கத்தின் அளவு குறைந்து உற்பத்திச் செலவு பெருகிய நிலையில் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் அவை மூடப்பட்டன. அதன்பின் வளர்ந்த தலைமுறைக்கு மரபுத் தொழில் இல்லை. அதற்கு ஈடான உள்ளூர் வேலையும் போதிய அளவில் இல்லை. மாரிக்குப்பம் நிலையத்திலிருந்து நாள்தோறும் விடியலில் புறப்படும் இரயில்களில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருவுக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புவது இன்றைய தங்கவயலின் வாழ்க்கையாகும். கழிவுமண் குவிந்த சயனைடு மேடுகள் ஊரின் நடுவே எஞ்சி நிற்கின்றன.

தங்கவயல் உணர்த்துவன இரண்டு. சுரங்கத்தின் கடுமை மட்டுமே இளையோரை அத்தொழிலிலிருந்து விலக்கவில்லை. பாதுகாப்பான வாழ்க்கை உடன்வரும் வரை அவர்கள் அதை ஏற்றனர். சுரங்கத்தின் ஆயுள் முடியும்போது அதன் சுமை அதில் பணியாற்றாத அடுத்த தலைமுறையின்மீது விழுகிறது.

நெய்வேலி: ஒரு நிறுவனம், மூன்று வாயில்கள்

தங்கவயல் தொழிலாளர் பிழைப்புத் தேடிச் சுரங்கத்திற்குச் சென்றனர். நெய்வேலியில் சுரங்கம் மக்களின் வாழ்விடத்திற்கு வந்தது. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் வெளிப்பட்ட கரியநிறப் பொருள் பழுப்பு நிலக்கரி இருப்பை அறியத் துணைசெய்தது. 1956ஆம் ஆண்டு நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் நிலக்கரி வெளிப்பட்டது. 1962இல் முதல் அனல்மின் நிலையத்தில் மின்னுற்பத்தி தொடங்கியது. 2016 முதல் இந்நிறுவனம் என்.எல்.சி. இந்தியா நிறுவனம் என்னும் பெயரில் இயங்குகிறது.

நெய்வேலிச் சுரங்கங்கள் திறந்தவெளிச் சுரங்கங்கள். நிலக்கரியின் மேலுள்ள மண் முழுவதையும் வாளிச்சக்கரம் பொருத்திய பெரும் இயந்திரங்களால் அகற்றிய பின்னரே கரியை எடுக்க இயலும். ஆகவே சுரங்கம் முன்னேறும் ஒவ்வோர் ஆண்டும் விளைநிலம் தேவைப்படுகிறது. நெல், கரும்பு, முந்திரி, பலா விளையும் கடலூர் மாவட்டத்து ஊர்கள் இதற்கு இடம்கொடுத்துள்ளன. இவ்வூர்களின் இளைஞர், சுரங்கவேலை வேண்டாம் என முடிவு செய்தாலும் தந்தையின் நிலத்திற்குத் திரும்ப முடியாத நிலையில் உள்ளனர்.

இந்நிறுவனத்திற்குள் நுழைவதற்கு மூன்று வாயில்கள் உள்ளன. முதலாவது, பொறியியல் பட்டதாரிகள் நிர்வாகப் பயிற்சியாளராகச் சேரும் வாயில். இரண்டாவது, நிரந்தரத் தொழிலாளராகச் சேரும் வாயில். மூன்றாவது, ஒப்பந்தத் தொழிலாளராகப் பணிபுரியும் வாயில். நிரந்தரப் பணியாளருக்கு நிலையான ஊதியம், ஓய்வுக்கால நலன், மருத்துவ வசதி, டவுன்ஷிப் எனப்படும் நகரியத்தில் குடியிருப்பு ஆகியவை உண்டு. சுரங்கத்திலும் மின் நிலையத்திலும் அவர்கள் பக்கத்திலேயே உழைக்கும் ஒப்பந்தத் தொழிலாளருக்கு இவை அதே அளவில் இல்லை. நிரந்தரப் பணிகளுக்குரிய நேரடித் தேர்வில் இடஒதுக்கீடு நடைமுறையில் உள்ளது. ஒப்பந்ததாரர் வழியாக அமர்த்தப்படும் பணிகளுக்கு அது பொருந்துவதில்லை.

ஆகவே ‘சுரங்கவேலை’ என்னும் ஒரு சொல் மூன்று வேறுபட்ட வாழ்க்கைகளைச் சுட்டுகிறது. ‘சுரங்கத்தில் வேலை செய்ய விரும்புகிறீர்களா?’ என்னும் வினாவுக்கு ஓர் இளைஞர் தரும் விடை, அவர் எந்த வாயிலை மனத்தில் கொண்டுள்ளார் என்பதைப் பொறுத்ததாகும்.

சட்டம் தரும் வேலையும் இளையோர் கேட்கும் வேலையும்

நெய்வேலியின் தொடக்கக் காலங்களில் நிலம் கொடுத்த குடும்பங்களில் ஒரு பகுதியினர் நிரந்தரப் பணி பெற்றனர். பக்கத்து வீட்டில் ஒருவர் அவ்வாறு பணிபெற்று, பிள்ளைகளைப் படிக்கவைத்து, ஓய்வு பெற்றதைக் கண்டு வளர்ந்த இளைஞருக்கு அதுவே ‘நிலத்துக்கு ஈடான வேலை’ என்பதன் பொருளாகும். இன்றைய சட்டம் கூறும் பொருள் வேறு.

2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல், மறுவாழ்வு, மறுகுடியமர்வுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பாதிக்கப்பட்ட குடும்பத்திற்கு மூன்று வாய்ப்புகளை முன்வைக்கிறது. திட்டத்தால் வேலைகள் உருவாகுமாயின், உரிய பயிற்சிக்குப் பின், குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத ஊதியத்தில் குடும்பத்தில் ஒருவருக்கேனும் வேலை வழங்குவது ஒன்று. ஒருமுறைத் தொகையாக 5 இலட்சம் ரூபாய் வழங்குவது மற்றொன்று. மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாத தொகையை விலைவாசிக் குறியீட்டுக்கேற்ப உயர்த்தி 20 ஆண்டுகளுக்கு வழங்குவது மூன்றாவது. இவை சட்டம் வகுத்த கீழ்வரம்புகள். நிறுவனங்கள் இவற்றுக்கு மேலும் வழங்கலாம்.

இவ்வட்டவணையில் ‘வேலை’ என்னும் சொல்லோடு ‘நிரந்தரம்’ என்னும் சொல் இணையவில்லை. குறைந்தபட்சக் கூலி உறுதிசெய்யப்பட்டுள்ளது. பணியின் நிலைபேறு உறுதிசெய்யப்படவில்லை. எனவே ஒப்பந்தப் பணி வழங்கினாலும் சட்டத்தின் சொற்கள் நிறைவேறியதாகக் கொள்ள இடமுண்டு. நிலமோ நிரந்தரமாகவே கைமாறுகிறது. நிலையான ஒன்றைக் கொடுத்து நிலையற்ற ஒன்றைப் பெறுகிறோம் என்னும் உணர்வு இவ்விடத்தில் பிறக்கிறது. இளையோரின் எதிர்ப்பும் கோரிக்கையும் ஒரே களத்தில் எழுவதற்கான விடை இதுவே.

ஒப்பந்தப் பணியில் சேர்ந்து காலப்போக்கில் நிரந்தரமாகலாம் என்னும் நம்பிக்கையையும் சட்டம் பெரிதும் தாங்கவில்லை. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் ஒரு பணியில் ஒப்பந்தமுறை தடைசெய்யப்பட்டாலும், அதனாலேயே அத்தொழிலாளர் தாமாக நிரந்தரப் பணியாளராகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2001ஆம் ஆண்டு இந்திய உருக்கு ஆணையம் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்புக்குப் பின் ஒப்பந்தத் தொழிலாளரின் நிரந்தரக் கோரிக்கை, சட்ட உரிமை என்பதைவிடத் தொழிற்சங்கப் பேச்சுவார்த்தையின் பொருளாகவே பெரும்பாலும் நின்றுவிட்டது.

2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக நெற்பயிர் நின்ற நிலத்தில் இயந்திரங்கள் இறக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பையும் இப்பின்னணியிலேயே காணவேண்டும். விளைந்துவரும் பயிர் அழிக்கப்பட்டது குறித்துச் சென்னை உயர் நீதிமன்றமும் வேதனை தெரிவித்தது.

கல்வியும் பணித்தேர்வும்

தமிழ்நாட்டில் சுரங்கப் பொறியியல் பட்டப்படிப்பு வழங்கும் இடங்கள் மிகச்சில. அவற்றுள் கிண்டி பொறியியல் கல்லூரி குறிப்பிடத்தக்கது. கணினி சார்ந்த படிப்புகளுக்கு மாநிலம் முழுவதும் இருக்கும் வாய்ப்போடு இதனை ஒப்பிட இயலாது. அகில இந்திய அளவில் 1926இல் தொடங்கப்பட்ட தன்பாத் சுரங்கக் கல்விநிறுவனமும் பிற உயர்கல்வி நிறுவனங்களும் இத்துறையில் முன்னிற்கின்றன. நெய்வேலிக்கு அருகில் பிறந்த மாணவர் சுரங்கப் பொறியியல் பயில விரும்பினால் பெரும்பாலும் ஊரைவிட்டு நெடுந்தொலைவு செல்ல வேண்டியுள்ளது.

2022ஆம் ஆண்டு இந்நிறுவனத்தின் நிர்வாகப் பயிற்சியாளர் பணிக்குக் ‘கேட்’ எனப்படும் பொறியியல் தகுதித்தேர்வு மதிப்பெண் அடிப்படையில் ஆள் எடுக்கப்பட்டமை தமிழ்நாட்டில் பெரும் விவாதத்தை எழுப்பியது. தமிழக இளைஞர்களுக்கும் நிலம் கொடுத்த குடும்பத்தினருக்கும் முன்னுரிமை வேண்டும் எனத் தமிழக முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். தகுதியின் அடிப்படையில் நாடு முழுவதற்கும் பொதுவான தேர்வு என்பது ஒரு நியாயம். இழப்பு ஓரிடத்தில் நிகழும்போது பயனிலும் அவ்விடத்திற்குப் பங்கு வேண்டும் என்பது மற்றொரு நியாயம். இரண்டாவது நியாயத்திற்குத் தேர்வுமுறையில் இடமில்லாதபோது, முதல் வாயில் தமக்குரியதன்று என்னும் முடிவுக்கு உள்ளூர் இளைஞர் வருகின்றனர். மனப்பாங்கின் அறிவுக்கூறு இவ்வாறு பணித்தேர்வு அறிவிக்கைகளாலும் உருவாகிறது.

பெண்களும் சுரங்கப் பணியும்

1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் நிலத்தடிச் சுரங்கங்களில் பெண்களைப் பணியமர்த்துவதைத் தடைசெய்தது. நிலத்தின் மேற்பரப்பிலும் காலை 6 மணி முதல் இரவு 7 மணி வரை மட்டுமே அனுமதித்தது. பாதுகாப்பு நோக்கில் எழுந்த இவ்விதி, சுழற்சிமுறையில் இரவும் பகலும் இயங்கும் சுரங்கங்களில் பெண்களுக்கு உரிய இடத்தைச் சுருக்கிவிட்டது. 2019ஆம் ஆண்டு ஜனவரி மாத அரசு அறிவிக்கை, உரிய ஒப்புதலோடும் பாதுகாப்போடும் திறந்தவெளிச் சுரங்கங்களில் இரவுப்பணியையும், நிலத்தடிச் சுரங்கங்களில் பகல்நேரத் தொழில்நுட்ப, மேற்பார்வை, மேலாண்மைப் பணிகளையும் பெண்களுக்குத் திறந்துவிட்டது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இத்திசையிலேயே செல்கிறது.

அறுபது ஆண்டுகளுக்கு மேல் சட்டமே மூடிவைத்திருந்த தொழிலில் பெண்கள் நாட்டம் காட்டவில்லை என்று கூறுவது பொருந்தாது. பின்பற்றத்தக்க முன்மாதிரிகள் குறைவாக இருக்கும் துறையில் விருப்பம் உருவாகக் காலம் தேவைப்படும். நிலம் கொடுத்த குடும்பத்தில் ஒருவருக்கு வேலை என்னும்போது அவ்வொருவர் மகனாகவே இருக்கவேண்டும் என்னும் வழக்கமும் இங்குக் கருதத்தக்கது. சட்டம் ஆண், பெண் வேறுபாடு கூறவில்லை.

தொழிலின் ஆயுளும் பணிக்காலமும்

2021ஆம் ஆண்டு கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் 2070ஆம் ஆண்டுக்குள் நிகர சுழிய உமிழ்வை எட்டுவதாக இந்தியா அறிவித்தது. 23 வயதில் 2025இல் பணியில் சேரும் ஒருவர் 60 வயதில் ஓய்வு பெறுவது 2062ஆம் ஆண்டில்தான். நிலக்கரியின் பயன்பாடு குறைய வேண்டிய காலத்தின் பெரும்பகுதி அவருடைய பணிக்காலத்திற்குள் அடங்கிவிடுகிறது. 1962இல் இயங்கத் தொடங்கிய 600 மெகாவாட் முதல் அனல்மின் நிலையம் 2020இல் நிறுத்தப்பட்டதை நெய்வேலி மக்கள் கண்முன் கண்டனர். அதனருகே புதிய நிலையம் எழுந்தமையால் மாற்றத்தின் அதிர்ச்சி குறைவாயிற்று. அடுத்த மாற்றத்திலும் அவ்வாறு நிகழும் என்பதற்கு உறுதியில்லை.

இங்குத் தங்கவயலின் பாடம் நெய்வேலிக்கு உரியதாகிறது. தங்கவயலில் கனிமம் தீர்ந்துவந்தமையும் செலவு மிகுந்தமையும் முடிவைக் கொணர்ந்தன. நெய்வேலியில் கனிமம் இருக்கும்போதே கொள்கை மாற்றம் முடிவைக் கொணரக்கூடும். இன்று ‘நிரந்தரப் பணி’ எனக் கேட்கப்படுவது நாளை எத்தனை ஆண்டுகளுக்கு நிரந்தரமாக இருக்கும் என்னும் வினாவை இளையோரும் தொழிற்சங்கங்களும் இப்போதே எழுப்பவேண்டியுள்ளது. சூரிய மின்னாற்றல், இயந்திரப் பராமரிப்பு, நிலச்சீரமைப்பு, நீர் மேலாண்மை ஆகியவற்றில் பயிற்சி பெறுவோர் சுரங்கத்தின் ஆயுளை மட்டும் நம்பியிருக்க வேண்டிய நிலை ஏற்படாது.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டின்வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. சுரங்கத் தொழிலின் கடுமையும் ஆபத்தும் மட்டுமே இளையோர் மனப்பாங்கைத் தீர்மானிப்பதில்லை. நோயும் விபத்தும் மிகுந்த தங்கவயலில் தலைமுறைகள் கடந்தும் அத்தொழில் ஏற்கப்பட்டது.

2. நெய்வேலிப் பகுதியில் சுரங்க எதிர்ப்பும் பணிக் கோரிக்கையும் முரண்பட்டவை அல்ல. நிலையான நிலத்திற்கு நிலையற்ற பணி ஈடாகாது என்னும் ஒரே மதிப்பீட்டின் இரு வெளிப்பாடுகள் அவை.

3. நிர்வாகப் பணி, நிரந்தரத் தொழிலாளர் பணி, ஒப்பந்தப் பணி ஆகியவற்றைப் பிரித்தறியாது ‘சுரங்கவேலை’ எனப் பொதுவாக வினவும் கணிப்புகள் பிழையான முடிவுக்கு இட்டுச்செல்லும். இனிவரும் கள ஆய்வுகளின் வினாநிரல்கள் இம்மூன்றையும் தனித்தனியே அமைத்தல் வேண்டும். நிலம் கொடுத்த குடும்பத்தினர், நகரியத்தில் வளர்ந்தோர், பிறர் என விடையளிப்போரையும் பிரித்து நோக்குதல் வேண்டும்.

4. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் கூறப்படும் ‘வேலை’ என்பதன் தன்மையும் காலமும் வரையறுக்கப்படாத வரை இச்சிக்கல் தொடரும்.

5. சுரங்கம் மூடப்பட்ட பின் வரும் தலைமுறையின் வாழ்வாதாரம், சுரங்கம் இயங்கும் காலத்திலேயே திட்டமிடப்படவேண்டிய ஒன்றாகும்.

சுரங்கத் துறையின் தோற்றத்தை விளம்பரங்களால் மாற்றுவது, மாற்றுவழிகள் பல உள்ள இளைஞர்களிடம் ஓரளவு பயன்தரலாம். தம் நிலத்தின்மீதே சுரங்கம் விரிவதைக் காணும் இளைஞர்களுக்கு அது விடையாகாது. அவர்கள் கேட்பது பணியின் உறுதி. அதற்கான விடை பணிநியமன ஆணையிலும் மறுவாழ்வு ஒப்பந்தத்திலும்தான் இடம்பெற முடியும்.